டப்பாவின் பின்பக்கத்துச் சிறு எழுத்து

எங்க அக்கா என்னைக் கடைசிவரைக்கும் "பாப்பா" என்றுதான் கூப்பிட்டாள். எனக்கு நாற்பது தாண்டி, தலை பாதி நரைத்து, லேபில் என் சொல்லைக் கேட்டு வேலை செய்ய ஆட்கள் வந்த பிறகும் பாப்பாதான். அந்த ஆட்களுக்கு முன்னாடியே கூப்பிடுவாள். கோபம் வரும். வந்து என்ன செய்ய?

ஓசூரில் ரோஜா வளர்க்கிறவர்களுக்குச் செடி நோய் பார்த்துச் சொல்கிற லேப் எங்களுடையது. மார்கழிப் பனி இறங்கினால் எங்களுக்கு வேலை தலைக்கு மேல். இதழில் முதலில் சின்னச் சின்னப் புள்ளி விழும். அப்புறம் அது பழுப்பாகி, ஈரம் கோத்து, மேலே சாம்பல் நிறத்தில் மயிர் மயிராக முளைக்கும். படித்தவர், படிக்காதவர் எல்லோருக்கும் அதன் பேர் தெரியும், பொட்ரிட்டிஸ். அழுகின பூவைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு வருவார்கள். நான் அதிலிருந்து பூஞ்சாணத்தைப் பிரித்து, மருந்து கலக்காத பிளேட்டில் கொஞ்சம், மருந்து கலந்த பிளேட்டில் கொஞ்சம் வைத்து வளர்ப்பேன். மருந்து பிளேட்டில் வளரவில்லை என்றால் அந்த மருந்து அவர்கள் தோட்டத்தில் கேட்கும். வளர்ந்தால் கேட்காது. அவ்வளவுதான் என் வேலை. கேட்காது என்று சொன்னால் என்னோடு சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு, நானா அந்தப் பூஞ்சாணத்துக்குச் சோறு போட்டு வளர்த்த மாதிரி.

அக்காவும் மாமாவும் பாகலூர் பக்கம் பிளாஸ்டிக் கூரை வேய்ந்து பாலிஹவுஸ் போட்டிருந்தார்கள். சிவப்பு ரோஜா. வேலைக்கு வருகிற பெண்களோடு தெலுங்கு, பூ ஏற்ற வருகிற வண்டிக்காரரோடு கன்னடம், என்னைத் திட்டுவதற்குத் தமிழ் என்று அக்கா மூன்றையும் வைத்திருந்தாள். மாமா அதிகம் பேசமாட்டார். பேசவேண்டியதை எல்லாம் அக்காவே பேசிவிடுவாள் என்பது ஒரு காரணம்.

ஒரு பனிக்காலத்தில் அவளே ஒரு பை நிறையப் பூவோடு லேபுக்கு வந்துவிட்டாள். முகம் செத்துக் கிடந்தது. காதலர் தினத்துக்குப் போகவேண்டிய மொட்டெல்லாம் செடியிலேயே அழுகுது என்றாள்.

"மருந்து அடிக்கலியா?"

"அடிக்காம இருப்பனா? மாத்தி மாத்திதான் அடிக்கறன். நீதான சொன்ன, ஒரே மருந்த அடிச்சா பழகிக்கும்னு. ஒரு தடவ ஓசூர் டப்பா, ஒரு தடவ அத்திப்பள்ளி டப்பா."

அத்திப்பள்ளி கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இது ரத்தத்திலேயே ஊறினது. எல்லை தாண்டினால் எல்லாமே வேறு என்று நம்புவோம். பெட்ரோலுக்கு ஒரு பக்கம், துணிக்கு ஒரு பக்கம், டாக்டருக்கு ஒரு பக்கம். இங்கே ஒத்துவரவில்லையா, செக்போஸ்ட்டைத் தாண்டிப் போய் வாங்கு. அக்காவும் அப்படித்தான் மாற்றினாள். கடையை மாற்றினாள், மாநிலத்தை மாற்றினாள்.

பிளேட்டில் வைத்துப் பார்த்தேன். மருந்து இருக்கிற பிளேட்டிலும் இல்லாத பிளேட்டிலும் ஒரே வளர்த்தி. எது எது என்று மார்க்கர் எழுத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடிந்தது.

ஏன் என்பது எனக்குத் தெரியும். என் ஆராய்ச்சிப் படிப்பு முழுக்க அந்த ஒரு இடத்தைப் பார்த்ததுதான். எந்த உயிரணுவும் இரண்டாகப் பிரியும்போது உள்ளே மெல்லிய குழல்கள் உண்டாகி, இருக்கிறதைச் சரிபாதியாக இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு போகும். வேலை முடிந்ததும் கலைந்துவிடும். அந்தக் குழலைக் கட்டுகிற செங்கல்லின் பேர் டியூபுலின். பூஞ்சாணத்தில் அதற்கு வேறு வேலையும் உண்டு. அதன் இழை நுனி வளர்ந்து இதழுக்குள் நுழையவேண்டுமே, அந்த நுனிக்குச் சாமான் போய்ச் சேருகிற பாதையும் இந்தக் குழல்தான். நாம் அடிக்கிற கார்பன்டசிம் நேராகப் போய் அந்தச் செங்கல்லின் மேல் உட்கார்ந்துகொள்ளும். கல்லோடு கல் சேராது. குழல் இல்லை. பூஞ்சாணம் வீங்கி, கோணிக்கொண்டு, நின்றுவிடும். ஆனால் அந்தப் புரதத்தில் ஒரே ஒரு இடம் மாறிப்போனால் போதும், மருந்துக்கு உட்கார இடமில்லை. கல் பாட்டுக்குச் சேரும், குழல் பாட்டுக்கு எழும்பும். மருந்து அடிக்க அடிக்க மாறாததெல்லாம் செத்து, மாறினது மட்டும் தோட்டம் முழுக்க நிற்கும். அக்காவின் பாலிஹவுஸில் நின்றது அதுதான்.

நான் நேரில் போனேன். மருந்து வைக்கிற அறையில் அலமாரி மேல் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றில் சிங்கம் படம், ஒன்றில் சூரியன், ஒன்றில் சிரிக்கிற விவசாயி. அவன் எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒவ்வொன்றாகப் பின்பக்கம் திருப்பிச் சின்ன எழுத்தைப் படித்துக் காட்டினேன். சிங்கத்துக்குள்ளேயும் கார்பன்டசிம். சூரியனுக்குள்ளேயும் கார்பன்டசிம். விவசாயி டப்பாவில் பேர் வேறு, ஆனால் அது செடிக்குள் போனால் அதே கார்பன்டசிம்மாகத்தான் மாறும்.

"நீ மாத்தவே இல்லக்கா. படத்த மாத்திகினு இருந்திருக்க. இத்தன வருஷம் ரோஜா வெச்சிருக்கிறவ, டப்பாவத் திருப்பிப் பாக்கமாட்டியா?"

வேலைக்காரப் பெண்கள் கேட்கிற தூரத்தில்தான் கத்தினேன். அவள் பதிலுக்குக் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. டப்பாவை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்புறம் ஒன்று செய்தாள். அலமாரியில் இருந்த எல்லா டப்பாவையும் பின்பக்கம் வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"சிங்கம் என்னாத்துக்கு எனக்கு. உள்ள இருக்கறது தெரிஞ்சா போதும்" என்றாள்.

அன்றிலிருந்து அந்த அறையில் எல்லாம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கும். புதிதாக ஒரு மருந்தைக் கடைக்காரர் நீட்டினால் அங்கேயிருந்தே எனக்கு போன் வரும். பேரைச் சொல்லமாட்டாள். "பின்னால இருக்கறத சொல்றன் எழுதிக்கோ" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லுவாள். பிளஸ் டூவோடு நின்றவள், வேதியியல் பேர்களை அப்படித்தான் கற்றாள். நான் மீட்டிங்கில் இருக்கிறேன் என்றால் "நீ இரு, எழுத்து எங்கயும் போகாது" என்று லைனிலேயே நிற்பாள். அழுகின பூவை அன்றன்றைக்குப் பறித்து வெளியே கொண்டுபோனார்கள், பக்கத்துத் திரையைத் தூக்கிக் காற்று விட்டார்கள், உள்ளே இருப்பது நிஜமாகவே வேறாக இருக்கிற மருந்தை அடித்தார்கள். தோட்டம் தேறியது. ஆனால் அந்தப் பூஞ்சாணத்தை நான் லேபில் விட்டுவைத்தேன். எதிர்ப்புள்ளது எப்படி வளரும் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டும். "என் வூட்டுச் சனியன நீ ஊட்டி வளக்கற" என்று கேலி செய்வாள்.

அப்புறம் அவள் மார்பில் கட்டி.

பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுதான், பெரிய நோய் என்றால் எல்லை தாண்டுவது. கட்டி ஏற்கெனவே மார்பை விட்டு வெளியே போயிருந்தது. டிரிப்பில் மருந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். முதல் நாள் நான்தான் பக்கத்தில் இருந்தேன். நர்ஸ் பையை மாட்டிவிட்டுப் போனதும் அக்கா என்னைப் பார்த்தாள்.

"திருப்பிப் பாரு."

திருப்பினேன். பாக்லிடாக்செல். படிக்கிற காலத்தில் அந்தப் பேரை நான் நூறு இடத்தில் எழுதியிருப்பேன். அதுவும் டியூபுலின்மேல் உட்காருகிற மருந்துதான்.

அவளுக்குச் சொன்னேன். நம் உடம்பிலும் அதே செங்கல், அதே குழல். கார்பன்டசிம் குழலைக் கட்டவிடாது. இது கட்டினதைக் கலையவிடாது. கட்டவும் வேண்டும், கலையவும் வேண்டும், அப்போதுதான் உயிரணு பிரியும். கலையாமல் இறுகி நின்றுபோனால் பிரிய முடியாமல் சாகும்.

"அப்ப எனக்கும் பூஞ்சாணத்துக்கும் ஒரே மருந்துன்னு சொல்லு."

"ஒரே மருந்து இல்லக்கா. அடிக்கிற இடம்தான் ஒண்ணு."

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. மாமா வந்ததும், "இவ படிச்ச படிப்பு எனக்குத்தான் ஏறிகினு இருக்குது" என்று பையைக் காட்டினாள். மாமா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

முடி போனது. அதற்கு அவள் அழவில்லை. அழுதது விரலுக்கு. நரம்பு என்பது முதுகிலிருந்து விரல் நுனிவரைக்கும் நீண்டு கிடப்பது. அத்தனை நீளத்துக்கும் சாமான் போவது இதே குழல் வழியாகத்தான். மருந்துக்குக் கட்டியில் இருக்கிற குழல், நரம்பில் இருக்கிற குழல் என்று வித்தியாசம் தெரியாது. விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது. ஒரு நாள் பாலிஹவுஸில் பூ வெட்டிக்கொண்டிருந்தவள் கையைப் பார்த்தால் ரத்தம். முள் ஏறி, உடைந்து, உள்ளேயே நிற்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. வேலைக்கு வந்த பெண் சொல்லித்தான் குனிந்து பார்த்தாள்.

"முள்ளு குத்தறதுகூட தெரியாம ரோஜா என்னாத்துக்குடி வெட்டறது" என்று அங்கேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு அந்த மருந்துமேல் கோபம் வந்தது, டாக்டர்மேல் வந்தது, என் படிப்புமேலேயே வந்தது. முள்ளை ஊசியால் எடுத்துவிட்டேன். நான் எடுப்பதும் அவளுக்குத் தெரியவில்லை. அதற்கப்புறம் தடிமனான கையுறை போட்டுக்கொண்டு வெட்டினாள். வெட்டுவதை விடவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே கட்டி பெரிதாகியிருந்தது. கல்லீரலில் புதிதாக இரண்டு இடம்.

டாக்டர், மாமாவையும் என்னையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஏன் கேட்கவில்லை என்று கேட்டேன். பல காரணம் இருக்கலாம் என்றார். சிலருக்கு உயிரணு மருந்தை வெளியே தள்ளிவிடும், சிலருக்கு டியூபுலினே வேறு வகையாக மாறியிருக்கும், சிலருக்கு நமக்குத் தெரியாது. எங்க அக்காவுக்கு எது என்று கேட்டேன். அதைப் பார்ப்பது வழக்கமில்லை, பார்த்தாலும் அடுத்த மருந்து அதேதான் என்றார். நல்ல மனிதர், பொறுமையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. பையில் போட்டுக் கொண்டுவருகிற ஒரு ரோஜாவுக்கு நான் பார்த்துச் சொல்கிறேன், எங்க அக்காவுக்குப் பார்க்க ஆளில்லை என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் என் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"பாப்பா, அவகிட்ட சொல்லாத. மருந்து மாத்தறாங்கன்னு மட்டும் சொல்லிக்கலாம். தெரிஞ்சா ஒடஞ்சிடுவா."

சரி என்று தலையாட்டினேன். எங்கள் வீடுகளில் அதுதான் நடைமுறை. நோய் யாருக்கோ அவருக்குத்தான் கடைசியில் தெரியும். வருகிற வழியில் அத்திப்பள்ளி டோலில் வண்டி நகரவில்லை. பின் சீட்டில் அக்கா கண்ணை மூடிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையில் போனேன். பாலிஹவுஸில் இருந்தாள். மாமா கொஞ்சம் தள்ளி ஹோஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்.

"மருந்து மாத்தறாங்களாமே."

"ஆமாக்கா."

"பேரு மட்டும் மாறுதா, உள்ள இருக்கறதும் மாறுதா?"

"உள்ள இருக்கறதும் மாறுது." அது உண்மைதான். அதோடு விட்டுவிடுவாள் என்று நம்பினேன்.

"கேக்கற மருந்த யாராச்சும் மாத்துவாங்களா பாப்பா?"

மாமா ஹோஸோடு அப்படியே நின்றுவிட்டார். அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லாதே என்று கெஞ்சியது. அக்கா முகத்தைப் பார்த்தேன். டப்பாவைத் திருப்பிப் பார்க்கத் தெரியாதா என்று இதே தோட்டத்தில் நாலு பேர் முன்னால் கத்தினவள் நான். இப்போது சிங்கப் படத்தைக் காட்டி எப்படி அனுப்புவேன்?

"கேக்கலக்கா. அது இருக்கும்போதே வளந்துடுச்சு."

"உன் பிளேட்டுல வளருமே, அந்த மாதிரி."

"அது வேற, இது வேறக்கா. ஆனா, ஆமா."

தலையாட்டினாள். பொட்ரிட்டிஸில் ஒரு விஷயம் உண்டு. கார்பன்டசிம்முக்கு மசியாமல் மாறிப்போன சில பூஞ்சாணத்தை, அப்படி மாறின அந்த இடத்தாலேயே பிடிக்கிற வேறொரு மருந்து இருக்கிறது. பழையதுக்குக் கதவு சாத்தினால் இதற்குத் திறக்கும். நம் பக்கத்துக் கடைகளில் நான் பார்த்ததில்லை, புத்தகத்தில்தான் படித்தேன். எப்போதோ அவளுக்குச் சொல்லியிருந்தேன். மறக்கவில்லை.

"மாறுன எடத்துலயே புடிக்கற மருந்து ஒண்ணு இருக்குதுன்னியே. எனக்கு அப்பிடி இருக்குதா?"

"பூஞ்சாணத்துக்கு இருக்குது. உனக்கு இருக்குதான்னு எனக்குத் தெரியல. இப்ப குடுக்கறது ஒண்ணு. அதுவும் கேக்கலன்னா இன்னொண்ணு. அதுக்கு மேல இல்ல."

மாமா ஹோஸைக் கீழே போட்டுவிட்டு, தப்பு ஒன்றும் செய்யாத ஒரு வேலைக்காரரைப் பார்த்து என்னமோ கத்தினார். அக்கா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடையவில்லை. உடைந்தது அவர்தான். அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "பிப்ரவரிப் பூவுக்கு இந்த வாரமே செடிய வெட்டிவுடணும். அப்பதான் ஒண்ணா மொட்டு வரும்" என்று அடுத்த வரிசைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அழுதுகொண்டேதான் போனேன், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

புது மருந்து ஏழெட்டு மாசம் கேட்டது. அந்தக் காலத்தில் மாமாவை மருந்து அறையில் நிற்கவைத்து, எதற்கப்புறம் எது என்று ஒவ்வொரு டப்பாவின் முதுகையும் காட்டிச் சொல்லிக்கொடுத்தாள். தெலுங்கிலும் கன்னடத்திலும் கில்லாடி அவர், இங்கிலீஷ் எழுத்துதான் தகராறு. தப்பாகச் சொன்னால் அக்கா தலையில் தட்டுவாள். சிரிப்பார்கள் இரண்டு பேரும். நான் வாசலிலேயே நின்றுவிட்டு ஒன்றிரண்டு தடவை திரும்பி வந்திருக்கிறேன்.

அப்புறம் அதுவும் நின்றது. கடைசியாகக் கொடுத்ததும் நின்றது. இனி வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை மாமா என்னிடம் எதுவும் கேட்கவில்லை, அவராகவே அவளிடம், "ரெண்டு மாசம் ஒடம்பு தேறட்டும்னாங்க, அப்புறம் மறுபடி ஏத்துவாங்களாம். அதுவரைக்கும் சத்து மாத்திரை" என்று சொல்லிவிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அக்கா என் பக்கம் திரும்புவாள், கேட்பாள் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். "சரிங்க" என்றாள் அவரைப் பார்த்து. அவ்வளவுதான்.

அப்புறமும் கேட்கவில்லை. ஒவ்வொரு டப்பாவுக்கும் போன் செய்தவள் இதற்குச் செய்யவில்லை. நம்பிவிட்டாள் என்று நினைத்தேன். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

தை பிறந்து கொஞ்ச நாளில் போய்விட்டாள். அந்த வருஷமும் அவள் சொல்லி வெட்டவைத்த வரிசையெல்லாம் மொட்டு பிடித்திருந்தது. காரியம் முடிகிறவரைக்கும் காத்திருக்காது பூ. மாமா மொட்டைத் தலையோடு நின்று வெட்ட வைத்து, பெட்டி கட்டி அனுப்பினார். ஒரு பூகூட அழுகவில்லை.

அவள் படுத்திருந்த அறையை ஒதுக்கிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார். சேலையெல்லாம் மடித்து வைத்துவிட்டுக் கட்டில் பக்கத்துச் சின்ன அலமாரியைத் திறந்தேன். அவளுடைய மாத்திரை அட்டை, மருந்து பாட்டில், எல்லாம் வரிசையாக இருந்தது. ஒன்றுகூட முகத்தைக் காட்டவில்லை. எல்லாம் பின்பக்கம் வெளியே. மாமா சத்து மாத்திரை என்று கொடுத்த அட்டை முதலில் இருந்தது. சின்ன எழுத்தில் மார்ஃபின் என்று இருந்தது.

மாமா வாசலில் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். பாலிஹவுஸில் எத்தனை டப்பாவின் முதுகைப் படித்திருப்பார் இதற்குள். கிட்டே வந்து, அந்த அட்டையை எடுக்காமல், குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிப் பார்த்தார்.

"கொண்டுவந்து குடுத்த அன்னிக்கே திருப்பி வெச்சாளே பாப்பா" என்றார். "பழக்கத்துல வெக்கறான்னு நெனச்சன்."